நிலையத்தின் எதிரே ஓர் அறை: மதுரையில் வழிப்போக்கர் தங்கிய வரலாறு

பூம்புகாரிலிருந்து கால்நடையாகப் புறப்பட்ட கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளின் துணையோடு வையையைக் கடந்து மதுரையின் புறஞ்சேரியை அடைந்தபின், அவர்கள்முன் நின்ற முதல் வினா பிழைப்பைப் பற்றியதன்று; எங்கே தங்குவது என்பதே. அடைக்கலக் காதையைக் கதைப்போக்கிற்காக மட்டும் படிப்போர் இதனை எளிதில் கடந்துவிடுவர். மாடலனும் கவுந்தியடிகளும் கோவலனுக்குக் கூறும் அறிவுரை முற்றிலும் நடைமுறை சார்ந்தது. துறவியர்க்கு உரிய புறநகர் இருக்கை இல்லறத்தார்க்கு ஏற்றதன்று. உள்நகரில் வாழும் வணிகர் அவன் இன்னான் என்று அறிந்தால் ஏற்றுக்கொள்வர். பொழுது சாயுமுன் மனைவியோடு நகருக்குள் சென்றுவிட வேண்டும் என்பது அதன் சாரம்.

பின்னர்க் கண்ணகியை ஆயர்குல மூதாட்டியாகிய மாதரியிடம் ஒப்படைக்கும் கவுந்தியடிகள், இவளுடைய தந்தை யார் என்று தெரிந்தால் இவள் குலத்துச் செல்வர் விருந்தெதிர்கொண்டு தம் மனையில் வைத்துக்கொள்வர், அதுவரை நின்னிடம் இருக்கட்டும் என்கிறார். அயலூரில் தங்குமிடம் பெறுவதற்கு ஒருவரிடம் இருக்கவேண்டிய முதற்பொருள் காசன்று, தந்தையின் பெயர் என்ற செய்தி இதில் அடங்கியுள்ளது. ஆனால் அந்தப் பெயரைக் கேளாமல், செம்மண் பூசிய பந்தலை உடைய தனிமனை ஒன்றை ஒதுக்கித் தந்தவள் மாதரியே. காப்பியத்தில் குலமும் செல்வமும் பார்த்துக் கிடைத்திருக்கக்கூடிய இடம் கடைசிவரை கிடைக்கவில்லை என்பது எண்ணத்தக்கது.

மணிமேகலை காட்டும் மதுரை இதற்கு மறுபுறம். பிறப்பைக் காட்டி ஊராரால் துரத்தப்பட்ட ஆபுத்திரன் தென்மதுரைக்கு வந்து, சிந்தாதேவி கோயிலின் அம்பலத்தில் தங்குகிறான். இரந்த உணவைக் குருடர்க்கும் செவிடர்க்கும் முடவர்க்கும் பகுத்துக் கொடுத்துவிட்டு, ஓட்டையே தலைக்கு அணையாக வைத்து உறங்குகிறான். மழைக்கால நள்ளிரவில் வழிநடந்து வருந்திய சிலர் அங்கு வந்து பசி என்று அவனை எழுப்புகின்றனர். யாரும் யாரையும் யாரென்று கேட்காத இடமாக அவ்வம்பலம் காட்டப்படுகிறது. ஆனால் அங்குக் கதவும் இல்லை, தாழும் இல்லை.

குலம் கேட்டுத் திறக்கும் மனை, யாரையும் கேளாத ஆனால் காப்பில்லாத அம்பலம் ஆகிய இவ்விரண்டுக்கும் இடையில், யாரென்று கேளாமல் கதவோடும் தாழோடும் கிடைக்கும் இடம் ஒன்று வழிப்போக்கனுக்குத் தேவைப்பட்டது. மதுரையில் இரயில் நிலையத்தின் எதிர்ப்புறத் தெருக்களில் நிறைந்திருக்கும் குறைந்த வாடகை விடுதிகளின் வரலாறு, அந்த இடம் உருவான வரலாறேயாகும்.

சத்திரமும் பேட்டையும்

1689 முதல் 1706 வரை பேரனுக்காக மதுரை நாயக்க அரசை ஆண்ட இராணி மங்கம்மாள், சாலைகளுக்கும் சத்திரங்களுக்கும் பெயர்பெற்றவர். தென்பாண்டி நாட்டில் மங்கம்மாள் சாலை என்னும் பெயர் பல ஊர்களில் வழங்கிவருகிறது. சாலையும் சத்திரமும் ஒரே அறத்தின் இரு பகுதிகள் என்று அக்காலத்தவர் கருதினர். நிழல்மரமும் கிணறும் தங்குமிடமும் இல்லாத வழி வழியாகக் கருதப்படவில்லை. ஒரு நாள் நடை எவ்வளவோ அவ்வளவு தொலைவே ஒரு சத்திரத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி. போக்குவரவுக்கு அருகில் தங்குமிடம் வேண்டும் என்னும் கருத்து இரயிலோடு பிறந்ததன்று. கால்நடைப் பயணத்தில் வழியே நிலையம்.

சத்திரத்தில் வாடகை இல்லை. இருப்பினும் எல்லாச் சத்திரங்களும் எல்லார்க்கும் ஒரே அளவில் திறந்திருந்தன என்று கொள்வதற்கில்லை. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி 1801இல் ஆங்கிலேயப் பிரதிநிதிக்கு எழுதிய கடிதத்தில், தம் முன்னோர் நிறுவிய சத்திரங்களில் பிராமணர் முதலாகப் பறையர் ஈறாக எல்லா வழிப்போக்கருக்கும் உணவு அளிக்கப்படுவதைப் பெருமையோடு குறிப்பிடுகிறார். சமைத்த உணவை ஏற்காதவர்க்கு அரிசியாகக் கொடுக்கப்படுவதையும் சொல்கிறார். இது உயர்ந்த நிலை. எனினும் உண்பது ஒன்றாயினும் உண்ணும் இடம் ஒன்றன்று என்பதை அக்கடிதமே மறைமுகமாகக் காட்டிவிடுகிறது. தனியார் அறக்கட்டளையாக எழுந்த பல சத்திரங்களில் நிலைமை இன்னும் குறுகியது. இன்ன குலத்தார்க்கு என்று கட்டளையிலேயே எழுதப்பட்டவை பல.

இதற்கு விடையாக எழுந்தவையே குலத்தார் தமக்கெனக் கட்டிக்கொண்ட தங்குமிடங்கள். நாட்டுக்கோட்டை நகரத்தார் திருத்தலங்கள்தோறும் அமைத்த விடுதிகள் பலரும் அறிந்தவை. வணிகத்தில் வளர்ந்த நாடார் பெருமக்கள் பிறர் இடங்களில் தங்கமுடியாத நிலையில், தாம் செல்லும் ஊர்களில் பேட்டைகளை அமைத்துக்கொண்டனர். சுற்றுச்சுவர் சூழ்ந்த பேட்டையில் வண்டிகளை அவிழ்த்து விடவும், மாடுகளுக்குத் தீனி போடவும், சரக்கை இறக்கி வைக்கவும், இரவு படுக்கவும் இடம் இருந்தது. வண்டிப்பேட்டை என்ற சொல்லை இன்று எவரும் தங்கும் விடுதியோடு சேர்த்து எண்ணுவதில்லை. ஆனால் போக்குவரவும் உறைவிடமும் ஒரே சுவருக்குள் அமைந்த இடம் அதுதான். உறவின்முறைக்குச் செலுத்தும் மகமைப் பணம் அதன் வாடகை எனலாம்.

மதில் இருந்த இடம்

மதுரை விடுதிகளின் முகவரியைப் படிப்போர் கண்ணில் படும் பெயர்கள் சில: மேல மாரட் வீதி, மேல பெருமாள் மேஸ்திரி வீதி, மேல வெளி வீதி. கோயிலைச் சுற்றியுள்ள ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்னும் வீதிகள் திங்களின் பெயரையும் திருவிழாவின் பெயரையும் தாங்கி நிற்க, அவற்றுக்கு வெளியே உள்ளவை மட்டும் அளவைக்காரர், மேற்பார்வையாளர் ஆகியோரின் பெயரைத் தாங்கக் காரணம் உண்டு. 1830களின் பிற்பகுதியிலும் 1840களின் தொடக்கத்திலும் மாவட்ட ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன், நாயக்கர் காலக் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்க்கும் பணியை மேற்கொண்டார். மதிலை இடித்து அகழியை நிரப்புவோர்க்கு அந்நிலமே உரிமையாகும் என்று அறிவித்து மக்களைக் கொண்டே அப்பணியை முடித்தார். அளவைப் பணியில் ஈடுபட்ட மாரட் பெயரும், மேற்பார்த்த பெருமாள் பெயரும் புதிய தெருக்களுக்கு அமைந்தன. மதிலுக்கு வெளியே இருந்தது வெளி வீதி.

மேற்குப்புறத்தில் மதில் இருந்திருந்தால் பிற்காலத்து இரயில் நிலையத்துக்கும் நகருக்கும் இடையே ஒரு வாயிலும் காவலும் நின்றிருக்கும். அது போனபின் முப்பது நாற்பது ஆண்டுகளில் தென்னிந்திய இரயில்வேயின் பாதை திருச்சிராப்பள்ளியிலிருந்து 1875இல் மதுரைக்கு வந்தது. 1876 தொடக்கத்தில் தூத்துக்குடியைத் தொட்டது. நிலையம் மேல வெளி வீதியின் மேற்கே அமைந்தது. அதன் எதிரே மங்கம்மாள் சத்திரம் நின்றது. கால்நடையாக வந்தோர்க்கு எழுந்த சத்திரம், பலமுறை மாற்றங்களைக் கண்டபின்னும், இரயிலில் வந்து இறங்குவோர்க்கு முதலில் தென்படும் கூரையாயிற்று. நிலையத்திலிருந்து மீனாட்சியம்மன் கோயில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். பெட்டியும் மூட்டையும் குழந்தையுமாக வந்த குடும்பம் நடந்தே செல்லக்கூடிய தொலைவு இது.

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் ஏறுவோரும் அக்காலத்தில் மதுரை வழியாகவே சென்றனர். 1902இல் மண்டபம் வரை பாதை நீண்டது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. வடநாட்டு யாத்திரிகர் இராமேசுவரம் சென்று திரும்பும்போது மதுரையில் இறங்கித் தரிசித்துச் செல்வது வழக்கமாயிற்று. அவர்களுள் பலருக்குத் தமிழ் தெரியாது, ஊரில் உறவில்லை, தந்தை பெயரைச் சொன்னால் அறிவார் எவருமில்லை. சத்திரம் நிரம்பிவிட்டால் அவர்கள் செல்வது எங்கே? இவ்வினாவுக்கு விடையாக வாடகைக்கு அறை விடும் வழக்கம் டவுன் ஹால் சாலையிலும் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் பெருகியது. உணவு விடுதியின் மாடியில் சில அறைகளைக் கட்டிப் 'போர்டிங் அண்ட் லாட்ஜிங்' என்று பலகை தொங்கவிடுவது தொடக்கநிலை. டவுன் ஹால் சாலையின் காலேஜ் ஹவுஸ் இவ்வகையில் வெளியூராரும் அறிந்த பெயராயிற்று.

குறைந்த செலவில் தங்க விரும்புவோர் இடம் தேர்ந்த முறை அன்றுமுதல் பெரிதும் மாறவில்லை. நிலையத்தை நோக்கி நிற்கும் முதல் வரிசையில் வாடகை சற்று மிகுதி. ஒரு தெரு உள்ளே தள்ளிப் போனால் குறையும். மூன்று தெரு தள்ளினால் இன்னும் குறையும். ஆனால் மூன்றாம் தெருவுக்குச் சுமையோடு நடக்க முடியாதவன் சட்கா வண்டியையோ ரிக்‌ஷாவையோ அழைக்கவேண்டும். அழைத்தால் கூலி ஒன்று. வண்டிக்காரர் தமக்குத் தரகு கொடுக்கும் விடுதிக்கே அழைத்துச் செல்வார் என்பது மற்றொன்று. அந்தத் தரகும் வாடகையில் ஏறும். ஆகவே தலையில் பெட்டியோடு தானே நடந்து சென்று அறை கேட்கக்கூடிய தொலைவு எதுவோ, அதுவே ஏழைப் பயணியின் உண்மையான சிக்கன எல்லை. மலிவான அறை என்பது வாடகையால் மட்டும் அளக்கப்படுவதன்று என்பதை ஏழைகள் நூலின்றி அறிந்திருந்தனர்.

நாளைக் கணக்கிடும் முறையும் இரயிலோடு தொடர்புடையது. பெரிய ஓட்டல்களில் நண்பகலோடு ஒரு நாள் முடியும். நிலையத்தை அடுத்த சிறு விடுதிகளிலோ அறை எடுத்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் ஒரு நாள் என்னும் வழக்கம் பரவலாக நிலைத்தது. சென்னையிலிருந்து இரவில் புறப்படும் பாண்டியன் விரைவு வண்டி விடியற்காலையில் மதுரைக்கு வந்துசேரும். ஐந்து மணிக்கு இறங்கி அறை எடுப்பவரை நண்பகலில் காலி செய்யச் சொன்னால் அவர் ஏழு மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை கொடுத்தவராவார். 1977 முதல் ஓடும் வைகை விரைவு வண்டி காலையில் மதுரையை விட்டுப் புறப்படுவது. அதைப் பிடிக்கவேண்டிய சிற்றூரார் முதல்நாள் இரவே வந்து நிலையத்தருகே தங்குவர். மதுரையைத் தூங்கா நகரம் என்பர். அப்பெயரில் இவ்விடுதிகளின் இரவு எழுத்தர்களுக்கும் ஒரு பங்குண்டு.

பதிவேட்டில் எழுதும் பெயர்

வாடகை கொடுப்பவர் எவராயினும் அறை உண்டு என்ற நிலை வாடகை விடுதி தோன்றிய அன்றே வந்துவிடவில்லை. இரயில் பெட்டியில் சாதி பார்த்து இடம் கொடுக்க முடியவில்லை. பயணச்சீட்டு வாங்கிய அனைவரும் ஒரே பலகையில் நெருங்கி அமர்ந்தனர். மூன்றாம் வகுப்புப் பயணத்தின் அவலத்தைக் காந்தியடிகள் 1917இல் தனிக் கட்டுரையாகவே எழுதினார். அப்பலகையில் ஒன்றாக அமர்ந்து வந்தவர்கள் நிலையத்தில் இறங்கியவுடன் பிரிக்கப்பட்டனர். இரயில் நிலைய உணவு விடுதிகளிலேயே பிராமணர்க்கும் பிறர்க்கும் தனித்தனி இடம் இருந்தது. பெரியாரும் அவர்தம் இயக்கத்தாரும் நடத்திய தொடர்ந்த எதிர்ப்பின்பின் 1941இல்தான் அது நீக்கப்பட்டது. நிலையத்துக்கு உள்ளேயே இந்நிலை என்றால் வெளியே எதிர்வரிசையில் இருந்த விடுதிகளைச் சொல்லவேண்டுவதில்லை.

இதன் முழுக் கொடுமையையும் அறிய மதுரையை விட்டுச் சற்றே வெளியே செல்லவேண்டும். அமெரிக்காவிலும் இலண்டனிலும் பயின்று திரும்பிய அம்பேத்கர் 1917இல் பரோடா அரசின் பணியை ஏற்கச் சென்றபோது, இரயிலில் இருந்து இறங்கிய அவருக்கு எதிர்ப்பட்ட வினா கோவலனுக்கு எதிர்ப்பட்ட அதே வினாதான். இந்து விடுதிகளில் தமக்கு இடமில்லை என்பது அவருக்குத் தெரியும். பார்சியருக்கு உரிய ஒரு விடுதியில், நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய்க்கு, பதிவேட்டில் பார்சிப் பெயர் ஒன்றை எழுதித் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்த பார்சியர் சிலர் அவரை வெளியேற்றினர். அவ்வூரில் வேறெங்கும் இடம் கிடைக்காமல், பம்பாய்க்கு இரவு வண்டி புறப்படும் நேரம்வரை ஒரு பொதுத் தோட்டத்தில் அமர்ந்திருந்தார். பின்னாளில் இந்நிகழ்ச்சியைத் தம் வரலாற்றுக் குறிப்புகளில் அவரே எழுதிவைத்தார். கையில் பணமும் பட்டமும் அரசு வேலையும் இருந்த ஒருவருக்குக் கிடைக்காதது, மதுரைக்கு மண்வெட்டியோடு வேலை தேடி வந்த அதே நிலையினர்க்குக் கிடைத்திருக்க வழியில்லை. அவர்கள் நிலையத்தின் வெளித் திண்ணையிலும் மரத்தடியிலும் படுத்தனர்.

மதுரையில் 1939 சூலைத் திங்கள் 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் தலைமையில் மீனாட்சியம்மன் கோயில் நுழைவு நிகழ்ந்தது. அதுவரை கோயிலுக்குள் விடப்படாதவர்கள் யாத்திரிகர் என்ற பெயரையே பெறாதவர்கள். யாத்திரிகர்க்கு உரிய தங்குமிடமும் அவர்களுக்கு இல்லை. இதனால் கோயில் நுழைவை மதுரையின் விடுதி வரலாற்றிலும் ஒரு நாளாகக் கொள்வதில் தவறில்லை. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கடைகளையும் பொது உணவு விடுதிகளையும் தங்கும் ஓட்டல்களையும் பெயர் சுட்டி, சாதி, சமயம், பால், பிறப்பிடம் காரணமாக எவரையும் அங்குத் தடுக்கலாகாது என்கிறது. 1955இன் தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் நுணுக்கமாகச் சென்று, ஓட்டல்களோடு தருமசாலை, சராய், முசாபிர்கானா ஆகியவற்றில் வைத்துள்ள பாத்திரங்களைப் பயன்படுத்தும் உரிமையையும் காக்கிறது. சட்டத்தில் பாத்திரம் என்ற சொல் இடம்பெறவேண்டியிருந்தது என்பதே அக்கால நிலைக்குச் சான்று.

அதன்பின் வந்த சாதாரண லாட்ஜ், சமூக ஆய்வாளர் கவனத்தைப் பெரிதும் பெறவில்லை. அழுக்கடைந்த சுவர், கிறீச்சிடும் மின்விசிறி, மூட்டைப்பூச்சி என்று நகைச்சுவைக்கே அது பயன்பட்டுவந்துள்ளது. ஆனால் அதன் எழுத்தர் கேட்கும் வினாக்கள் பெயர், ஊர், தொழில், வந்த நோக்கம், எத்தனை நாள் என்பவையே. முன்பணத்தைப் பெற்றுச் சாவியைக் கொடுத்துவிடுகிறார். மகமை செலுத்தாமலும், குலத்தலைவரின் கடிதமின்றியும், ஓர் அறையைத் தாழிட்டு உறங்கும் உரிமை கூலித் தொழிலாளிக்கும், மருத்துவமனைக்கு வந்த நோயாளியின் மகனுக்கும், நேர்முகத் தேர்வுக்கு வந்த இளைஞனுக்கும் இவ்வழியாகவே வந்தது. அறத்தினால் முழுமையாக இயலாததை வாடகை ஓரளவு செய்தது என்று கூறுவது சத்திரம் கட்டியோரின் அறத்தைக் குறைப்பதாகாது. வாடகைக்கு வழியில்லாதவரைத் தாங்கியது என்றும் சத்திரமே.

ஓரளவு என்று சொல்வதற்குக் காரணம் பெண்கள். 15ஆம் பிரிவில் பால் என்ற சொல் இருந்தும், தனியே வரும் பெண்ணுக்கு அறை இல்லை என்று கூறும் வழக்கம் சிறு விடுதிகளில் நெடுங்காலம் இருந்தது. முற்றும் மறைந்துவிட்டதாகவும் கூற இயலாது. உடன் வந்தவர் யார் என்று ஆணிடம் கேட்கப்படாத வினா பெண்ணிடம் கேட்கப்படும். கணவன் பெயரையோ தந்தை பெயரையோ எதிர்பார்க்கும் அவ்வினா, கவுந்தியடிகள் சொல்லிய அதே இடத்துக்கு வழிப்போக்கரைத் திரும்ப அழைத்துச் செல்கிறது. தேர்வுத்தாள் திருத்தவும், நேர்முகத் தேர்வுக்கும், வழக்கிற்கும் மதுரைக்குத் தனியே வந்த பெண்கள் பலர் விலைகுறைந்த அறை இருந்தும் அதனைத் தேர்ந்துகொள்ள முடியாமல், உறவினர் வீட்டு முகவரியைத் தேடிச் சென்றனர். அல்லது நிலையத்து மகளிர் காத்திருப்பு அறையில் விடியும்வரை அமர்ந்திருந்தனர். இரயில்வேயின் ஓய்வறைகள் பயணச்சீட்டைக் காட்டினால் கிடைப்பவை. அங்கு உறவு கேட்கப்படுவதில்லை. எண்ணிக்கையில் மிகக் குறைந்தவை என்பதே குறை.

பேருந்து சென்ற வழி

இரயிலுக்கு அடுத்துப் பேருந்து வந்தது. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1910களில் மதுரையிலிருந்து தொடங்கிய பேருந்துப் போக்குவரவு, சிற்றூர்களை நகரோடு இணைத்தது. 1972இல் பேருந்துகள் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் அமைந்தது. மத்தியப் பேருந்து நிலையமும் மேல வெளி வீதியில், இரயில் நிலையத்துக்கு அண்மையிலேயே இருந்தது. அதுவே பிற்காலத்தில் பெரியார் பெயரைப் பெற்றது. இரண்டு நிலையங்களும் சில நிமிட நடையில் அமைந்ததால், பழைய மதிலின் மேற்குப் பகுதி முழுவதும் விடுதித் தெருக்களாயின.

1999இல் வெளியூர்ப் பேருந்துகள் மாட்டுத்தாவணிக்கு மாற்றப்பட்டன. தாவணி என்பது மாடு கட்டும் கயிறு. மாட்டுச் சந்தையைக் குறித்த பெயர் பேருந்து நிலையத்துக்கு வந்தது பொருத்தமே, ஏனெனில் சந்தையும் ஊருக்கு வெளியே கூடுவதுதான். கோயமுத்தூர், திண்டுக்கல், தேனி வழிகளுக்கு ஆரப்பாளையம் நிலையம் அமைந்தது. இதனால் தேர்வின் இலக்கணமே மாறியது. முன்பு மேல வெளி வீதியில் அறை எடுத்தவர் எத்திசைக்கும் நடந்தே சென்று வண்டி ஏறினார். பின்னர் வந்தவர், எந்த ஊருக்கு எந்த நிலையத்திலிருந்து திரும்பப் போகிறோம் என்பதை முதலில் எண்ணவேண்டியதாயிற்று. கோயிலுக்கும் இரயிலுக்கும் வந்தவர்க்குப் பெருமாள் மேஸ்திரி வீதியும், விடியற்காலையில் திருநெல்வேலிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்க்கு மாட்டுத்தாவணியும் ஏற்றவை. இதனை அறியாமல் வாடகையில் நூறு ரூபாய் மிச்சம் பிடித்தவர், அதனினும் மிகுதியாக ஆட்டோவுக்குக் கொடுத்த கதைகள் மதுரையில் ஏராளம்.

சிறு விடுதிகளைத் தொட்ட மற்றொரு மாற்றம் வரி. 2017இல் சரக்கு, சேவை வரி வந்தபோது நாள் வாடகை 1,000 ரூபாய்க்குக் குறைந்த அறைகளுக்கு விலக்கு இருந்தது. 2022 சூலையில் அவ்விலக்கு நீங்கி 12 விழுக்காடு வரி வந்தது. 2025 செப்டம்பரில் அது 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பதிவு பெற்ற விடுதியில் ஐந்நூறு ரூபாய் அறையை நாடி வருபவர்க்கும் இப்போது ரசீதில் ஒரு வரி கூடுதலாக அச்சாகிறது.

இரயில் நிலையத்தின் கிழக்கு வாயிலில் இறங்கி வருவோர்க்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இன்றும் தெரிகிறது. விடியற்காலை வண்டியில் வந்தவர்கள், தோளில் பையும் கையில் உறங்கும் குழந்தையுமாக மேல வெளி வீதியைக் கடந்து, பெயர்ப்பலகை விளக்கு எரியும் கட்டடங்களை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்தபடி டவுன் ஹால் சாலைக்குள் நடக்கின்றனர்.